மாரடைப்புக்குப் பின் துடிப்புக் கோளாறு: இரத்தப் பரிசோதனை எதுவரை சொல்லும்?

மாரடைப்பிலிருந்து மீண்டு வீடு திரும்புகிறவரின் பரிசோதனை அறிக்கையில் டிரோபோனின் (சேதமடைந்த இதயத் தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் புரதம்), பி.என்.பி. (இதயம் சுரக்கும் ஒரு ஹார்மோன்) போன்ற பெயர்களுக்கு எதிரே பெரிய எண்களைப் பார்க்கும் குடும்பத்தினர், இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகிவிடுமோ என்று அஞ்சுவது இயல்பே. அந்த எண்கள் ஆபத்தின் அளவை ஓரளவு உணர்த்துகின்றன என்பதும், ஆபத்து எந்த வழியில் வரும் என்பதைச் சொல்லும் ஆற்றல் அவற்றுக்குக் குறைவு என்பதும் என் கருத்து.

மாரடைப்பின் முதல் மணி நேரங்களில் பிராணவாயு கிடைக்காத தசையணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கசிவதால் மின்னோட்டம் நிலைகுலைகிறது. வாரங்கள் கழித்து வரும் கோளாறு வேறு வகையானது. செத்த தசை தழும்பாக மாறும்போது அதனூடே உயிரோடு எஞ்சிய மெல்லிய இழைகளில் மின்னோட்டம் மெதுவாக ஊர்ந்து, புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து, இதயத்தின் கீழறையை மிக வேகமாகத் துடிக்கச் செய்கிறது. டிரோபோனின் எவ்வளவு தசை அழிந்தது என்பதைத் தோராயமாகக் காட்டும். தழும்பினுள் அந்த இழைகள் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை எந்த இரத்தத் துளியும் காட்டாது. அதை ஓரளவு பார்க்க உதவுவது எம்.ஆர்.ஐ. படம்தான்.

பி.என்.பி. 1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்களால் பன்றியின் மூளையில் கண்டறியப்பட்டது. ஆனால் அதைப் பெருமளவில் சுரப்பது சுவர் இழுபடும் இதயக் கீழறையே. மாரடைப்புக்குப் பின் இது உயர்ந்திருப்பவர்களிடம் திடீர் மரணம் கூடுதலாகக் காணப்படுகிறது. மேலறை ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆனால் இதயம் வலுவிழந்து நேரும் மரணமும் அதே மனிதர்களிடம்தான் கூடுகிறது. முதுமையும் சிறுநீரகக் கோளாறும் இந்த எண்ணை உயர்த்தும், உடல் பருமன் தாழ்த்தும் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

மரணம் துடிப்புக் கோளாறால் வருமா, இதயம் வலுவிழந்து வருமா என்ற இந்த வேறுபாடு சிகிச்சையையே தீர்மானிக்கிறது. உடலுக்குள் பொருத்தப்பட்டு, மின் அதிர்ச்சி தந்து துடிப்பைச் சீராக்கும் ஐ.சி.டி. என்னும் கருவி துடிப்புக் கோளாறால் வரும் மரணத்தை மட்டுமே தடுக்கும். மாரடைப்பு நேர்ந்து 6 முதல் 40 நாட்களுக்குள் அதைப் பொருத்திப் பார்த்து 2004-இல் வெளியான டினமிட் ஆய்வில் துடிப்புக் கோளாறு மரணங்கள் குறைந்தன. மற்றக் காரணங்களால் நேர்ந்த மரணங்கள் கூடியதால் மொத்த எண்ணிக்கை குறையவில்லை. அதனால்தான் பொதுவாக 40 நாட்களாவது காத்திருந்து, எக்கோவில் இதயம் இரத்தத்தை வெளியேற்றும் விகிதத்தை மீண்டும் அளந்து, அது 35 சதவீதத்துக்கு மேல் தேறவில்லை என்றால் கருவியைப் பற்றி முடிவெடுக்கிறார்கள். இந்த அளவுகோலும் முழுமையானதல்ல. திடீர் மரணமடைவோரில் பலருக்கு அந்த விகிதம் 35-க்கு மேல்தான் இருக்கிறது. புதிய குறியீடுகளைத் தேடும் ஆய்வுகள் தொடர வேண்டும் என்று நான் விரும்புவது அவர்களுக்காகவே. இரத்தத்தில் அளக்கப்படும் சி.ஆர்.பி., கேலக்டின்-3, எஸ்.டி.2 போன்ற புரதங்கள் அழற்சியையும் தழும்பாக்கத்தையும் சுட்டுகின்றன. கருவி வைப்பதா வேண்டாமா என்று அவற்றை மட்டும் கொண்டு முடிவெடுக்கும் நிலை இன்னும் வரவில்லை.

இவற்றுக்கிடையே பொட்டாசியத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. பிற எண்கள் எச்சரிக்கையோடு நின்றுவிட, இதை அன்றே சரிசெய்யவும் முடியும். மாரடைப்பு நோயாளிகள் 38,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், பொட்டாசியம் (லிட்டருக்கு மில்லி ஈக்விவலன்ட் கணக்கில்) 3.5-க்கும் 4.5-க்கும் இடையில் இருந்தவர்களிடமே மருத்துவமனை மரணம் மிகக் குறைவாக இருந்தது. 3-க்குக் கீழும் 5-க்கு மேலும் போனவர்களிடம் கீழறைத் துடிப்புக் கோளாறுகள் கூடின. நீர் பிரியும் மாத்திரைகளில் பல அதைக் குறைக்கும். இதய நோயாளிகளுக்குத் தரப்படும் ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகள் உயர்த்தும். மெக்னீசியம் குறைந்திருந்தால் பொட்டாசியத்தை ஏற்றுவதும் கடினம். ஆகவே இம்மருந்துகளின் அளவு மாறும்போதெல்லாம் பொட்டாசியத்தையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மயக்கமோ கடும் படபடப்போ வந்தால் அந்தத் தேதிக்காகக் காத்திராமல், பழைய அறிக்கை நன்றாக இருந்ததே என்றும் எண்ணாமல், உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.