ஒரே வரிதான், ஆனா அங்கதான் சறுக்கும்

கட்டுரை முழுக்க நீங்க நிறுவப் போற வாதத்தை ஒரே வரியில சொல்றதுதான் மையக்கூற்று (thesis statement). "கொழும்பில் வாகன நெரிசல் பெரிய பிரச்சினை." அசைன்மென்ட்டில் இப்படி எழுதினா யார் மறுக்கப் போறாங்க? மறுக்க ஆளில்லாத வரி வெறும் தகவல், மையக்கூற்று ஆகாது.

இதைப் பாருங்க: "பார்க்கிங் போய்விடும் என்று கடைக்காரர்கள் எதிர்த்தாலும், கொழும்பு காலி வீதியில் (Galle Road) காலை 7 முதல் 9 வரை ஒரு தடத்தை பஸ்ஸுக்கே ஒதுக்க வேண்டும், இரண்டு மூன்று கார் பிடிக்கும் இடத்தில் ஒரு பஸ் ஐம்பது பேரை ஏற்றிச் செல்கிறது." எதிர்ப்பு, நிலைப்பாடு, காரணம் மூன்றும் உள்ளே. இடமும் நேரமும் சுருங்கினதால 1500 சொல் கட்டுரைக்குள்ள அடங்கும்.

மையக்கூற்றை அறிமுகப் பந்தியின் கடைசியில வையுங்க. "இக்கட்டுரையில் ஆராயப்படும்" வேணாம், அது அறிவித்தல் பலகை. முழுக்க எழுதினபிறகு திரும்பவும் அந்த வரிக்கு வாங்க. பலருக்கு வாதம் நடுவழியில மாறியிருக்கும், வரி மட்டும் பழசாவே நிற்கும்.