எழுத்தை விட்டுவிட்டுத் தாளத்தை எடுத்தேன்

கணவர் தோஹாவில் வேலை செய்கிறார். நான் கோவையில் இருக்கிறேன். அவர் அனுப்பும் செய்திகளை என் மணிக்கட்டில் அதிர்வாக உணர ஒரு பட்டை செய்துகொண்டிருக்கிறேன்.

எழுத்துக்கு ஓர் அதிர்வு என்று வகுப்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அது நடக்காத காரியமும் அல்ல. 1957இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிராங்க் கெல்டார்ட், மார்பில் 5 இடங்கள், 3 வலிமைகள், 3 கால அளவுகள் என்று 45 குறிகளை வகுத்தார். பயிற்சி பெற்ற ஒருவர் நிமிடத்துக்கு 38 சொற்கள்வரை தோலாலேயே வாசித்தார். ஆனால், சொல்லை வாசிக்க எனக்குத் திரை இருக்கிறது. இல்லாதது அவருடைய கை.

ஆகவே, அவர் தட்டச்சு செய்யும்போது விசைகளுக்கு இடையே விழும் இடைவெளிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். “சாப்பிட்டாயா?” என்பதைப் பணி நடுவே படபடவென்று தட்டுவார். இரவில் அதே கேள்வி தயங்கித் தயங்கி வரும். பாதியில் நின்று, அழித்து, மறுபடி தொடங்குவார். திரையில் காணாமல்போகும் அந்தத் தயக்கம்தான் எனக்கு வேண்டும்.

அதைச் சிதையாமல் கொண்டுவருவது பெரும்பாடு. எடை சுழலும் காசு வடிவ மோட்டார் வேகம் பிடிக்கவும் அடங்கவும் நேரம் எடுக்கும். விரைவான தட்டல்கள் ஒரே உறுமலாகிவிடும். அதனால் நேர்கோட்டில் அதிரும் மோட்டாரையும் அதை இயக்கும் டிஆர்வி2605எல் என்ற மின்னணுச் சில்லையும் வைத்தேன். தொடக்கத்தில் கூடுதல் மின்னழுத்தத்தால் உந்தி, முடிவில் எதிர்விசையால் அதிர்வைப் பிடித்து நிறுத்துகிறது அந்தச் சில்லு. இணையத் தாமதமும் தாளத்தைக் குலைக்கும். எனவே, தட்டல்களின் நேரங்களை மொத்தமாக அனுப்பி, பட்டையிலேயே திரும்ப எழுப்புகிறேன்.

நடுவில் எந்த நிறுவனத்தின் சர்வரும் வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். தம்பதியருக்கான வீ-வைப் என்ற அந்தரங்கச் சாதனம், அதன் வெப்பநிலையையும் அதிர்வு அளவையும் நிறுவனத்துக்கு அனுப்பியது 2016இல் வெளிப்பட்டது; வழக்கு மறு ஆண்டு பல லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. படுக்கையறைக் கணக்கை யாரோ குறித்துவைத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

பட்டையில் ஒரு பொத்தானும் உண்டு. அழுத்தினால் அதிர்வு நின்றுவிடும். அவருக்கு எந்த அறிவிப்பும் போகாது. “நிறுத்தியது எனக்குத் தெரிய வேண்டாமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என் உடம்பில் எப்போது அதிர்வு வரலாம் என்பதற்கு நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவருக்காகச் செய்யும் பட்டையிலும் அதே பொத்தானை வைக்கிறேன்.