ஏலத்துக்கு ரெண்டு பேர் வேணும்

2010இலிருந்து ஐந்து வருடம் கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் வேலை பார்த்தேன். வீடு காலி செய்பவர்களிடமிருந்து ஓனர் மொத்தமாக எடுத்து வருவார். வால்வு ரேடியோ, கேமரா, பித்தளைச் சாமான், சுவர்க் கடிகாரம். அதில் நெட்டில் விலை போகக்கூடியதைப் பிரித்து, துடைத்து, படம் பிடித்து இபே இந்தியாவில் ஏலத்துக்குப் போடுவது என் வேலை. பாஸீ டாட் காம் என்று இருந்த நெட் ஏலத் தளத்தை 2004இல் இபே வாங்கித் தன் பெயரில் நடத்தியதுதான் அது. 2018 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள்.

ஒவ்வொரு பொருளுக்குக் கீழேயும் எத்தனை பேர் அதை வாட்ச் லிஸ்டில், அதாவது விலை கேட்காமல் கவனித்து வைக்கும் பட்டியலில், போட்டிருக்கிறார்கள் என்று ஓர் எண் தெரியும். புதிதில் அந்த எண்தான் எனக்கு எல்லாமே. காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி வைப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். பத்துப் பேர், இருபது பேர் என்று ஏற ஏற, ஓனரிடம் போய் "அண்ணா, இது நல்லாப் போகும்" என்பேன். பாதி நாள் போகாது.

99 ரூபாய்க்கு ஆரம்பித்தால் யார் வேண்டுமானாலும் வாட்ச் செய்வார்கள். சிலர் வேடிக்கை பார்க்க, சிலர் தன்னிடம் இருக்கும் அதே ரேடியோவுக்கு என்ன விலை வரும் என்று தெரிந்துகொள்ள, இன்னும் சிலர் என்னைப் போல விற்பவர்கள். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு அப்பாரு என்னைச் சின்ன வயதில் கூட்டிப்போவார். காங்கேயம் காளையைச் சுற்றி அம்பது பேர் நிற்பார்கள். "கூட்டத்தப் பாக்காத கண்ணு, பல்லப் புடிச்சுப் பாக்கறவனப் பாரு" என்பார். அவன்தான் அப்புறம் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவான். இது மண்டையில் ஏறுவதற்கு எனக்கு ஒரு ரேடியோ போக வேண்டியிருந்தது.

2012, கரண்ட் கட் உச்சத்தில் இருந்த வருடம். அழகான ஒரு வால்வு ரேடியோ, மர உடம்பு, முன்னால் மேஜிக் ஐ என்கிற பச்சைக் கண் விளக்கு. ஸ்டேஷன் சரியாகப் பிடித்தால் அந்தப் பச்சை வெளிச்சம் குவியும். 499இல் ஆரம்பித்தேன், 47 பேர் வாட்ச் செய்தார்கள். ஞாயிறு ராத்திரி 8.50க்கு ஏலம் முடிகிறது. சாயங்காலம் ஒருவர் கேள்வி அனுப்பியிருந்தார்: மேஜிக் ஐ மங்கியிருக்கிறதா, இருட்டில் எரியவிட்டு ஒரு படம் போட முடியுமா? மேஜிக் ஐ வருடக்கணக்கில் எரிந்தால் மங்கிவிடும், மாற்றுவதற்குக் கிடைப்பதும் கஷ்டம். ரேடியோவை ஷோகேஸில் வைப்பவன் இதைக் கேட்கமாட்டான். ராத்திரி உட்கார்ந்து பாட்டுக் கேட்கப் போகிறவன்தான் கேட்பான். காளையின் பல்லைப் பிடித்துவிட்டான் என்று எனக்குப் புரிந்தது. வீட்டிலிருந்து கடைக்கு ஓடினேன். ஷட்டரைத் தூக்கி, ரேடியோவை மேஜையில் வைத்து, பிளக்கைச் செருகினேன், கரண்ட் போய்விட்டது. கடையில் இன்வெர்ட்டர் கிடையாது. படம் எடுக்கத் தேவையான இருட்டு மட்டும் தாராளமாக இருந்தது. ஒன்பதே காலுக்குக் கரண்ட் வந்தபோது ரேடியோ 1,150க்குப் போயிருந்தது.

"என்னுங் தம்பி, நாப்பத்தேழு பேரு பாக்கறாங்கன்னீங்க?" என்றார் ஓனர். மறுநாள் அந்தக் கேள்விக்காரரிடமிருந்து, படம் வந்திருந்தால் 4,000 வரை போயிருப்பேன் என்று பதில். அதை ஓனரிடம் காட்டியது என் முட்டாள்தனம். 2,850 ரூபாய் நஷ்டம் என்று அடுத்த தீபாவளி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்தக் கணக்கு தப்பு. இபேயில் நீங்கள் 4,000 போட்டாலும் சிஸ்டம் அதை மறைத்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் போட்டதற்கு ஒரு படி மேலே மட்டும்தான் விலையை ஏற்றும். ரேடியோவை எடுத்தவர் மனசில் 5,000 இருந்ததா 1,200 இருந்ததா என்பது கடைசிவரை தெரியாது; இரண்டாவது ஆள் எங்கே நிறுத்தினாரோ அதுதான் நம் கைக்கு வருகிறது. அதனால் எனக்கு வேண்டியது 47 பேர் இல்லை, ரெண்டு பேர். அதன் பிறகு ஒரு பெட்டி நிறைய பழைய வால்வு, நாப், டயல் கண்ணாடி போட்டேன். வாட்ச் செய்தது மூன்றே பேர். அதில் இருவர் வால்வு நம்பர் கேட்டு எழுதினார்கள். இரண்டாவது கேள்வி வந்ததுமே இது ஏறும் என்று ஓனரிடம் சொல்லிவிட்டேன். ஐந்து நாள் 300 ரூபாயிலேயே கிடந்து, கடைசி முப்பது விநாடியில் 2,600க்குப் போயிற்று.

இப்படிக் கடைசி நிமிஷத்தில் பிட் போடுவதை, அதாவது விலை கேட்பதை, பலர் திட்டுவார்கள். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் ஏலம் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வியாபாரி விரலியை ஒடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல் சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவார். கடைசி விநாடியில் பிட் போடுகிறவரும் அதே சீட்டைத்தான் எழுதுகிறார். தன் ஆசையை முன்னாலேயே காட்டினால் எதிராளி உஷாராகிவிடுவான். ஆகவே ஆறு நாளாக பிட் வரவில்லை என்று பயந்து ஏலத்தை ரத்து செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

இவ்வளவு தெரிந்தும் ஒரு தடவை கோணல் வேலை பார்த்தேன். ஆக்ஃபா கிளிக் த்ரீ கேமராவுக்கு ஒரே ஒருவர்தான் பிட் போட்டிருந்தார். இரண்டாவது ஆள் வரவில்லை என்றால் நாமே வரலாமே என்று, என் சிநேகிதன் கணக்கிலிருந்து போடச் சொன்னேன். விதிப்படி அது கூடாது, தெரியும். மூன்று தடவை ஏற்றினோம், அவரும் மூன்று தடவை ஏறி வந்தார். நாலாவது தடவை வரவில்லை. கேமரா சிநேகிதனுக்கு விழுந்தது. ஓனருக்கு 900 ரூபாயும் இபேக்குக் கமிஷனும் என் பாக்கெட்டிலிருந்து போயிற்று. அது இன்னமும் என் அலமாரியில்தான் இருக்கிறது, ஒரு ஃபிலிம் ரோல்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.