ஊசி படாமலே வளர்ந்த கட்டி

மேமோகிராம் ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ் 4' என்று போட்டிருந்தது. அம்மாவுக்கு வலது மார்பில் 1.6 சென்டிமீட்டர் கட்டி. பயாப்ஸி (கட்டியில் ஊசி குத்தித் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு பத்து வாரம் எங்கள் வீட்டு சாமி அலமாரியிலேயே கிடந்தது. நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

பெரியம்மாவின் ஒரு ஃபோன்தான் காரணம். "ஊசியைக் குத்தி நோண்ட விடாதீங்கடி. எதிர்வீட்டுக்காரிக்கு அப்படித்தான் குத்தினாங்க, மூணே மாசத்துல உடம்பெல்லாம் பரவிருச்சு." அம்மா அன்றோடு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போதாததற்கு, பயாப்ஸி என்று எழுதிவிட்டாலே புற்றுநோய்தான் என்று அவரே முடிவும் கட்டிவிட்டார். பைராட்ஸ் 4 என்றால் சந்தேகம் என்றுதான் அர்த்தம், அதில் சாதாரணக் கட்டிகளும் நிறைய உண்டு என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை.

கடைசியில் அம்மாவை டாக்டர் முன்னாலேயே உட்கார வைத்துக் கேட்கச் சொன்னேன். அவர் பொறுமையாகச் சொன்னார். பலர் நோய் முற்றிய பிறகுதான் வருகிறார்கள். உள்ளே ஏற்கெனவே பரவியிருக்கும். அது வெளியில் தெரிவது ஊசிக்குப் பிறகு என்பதால் பழி ஊசி மேல் விழுகிறது. மார்பகத்தில் ஊசி போன தடத்தில் நோய் பரவுவது மிக மிக அபூர்வம். "விரையில் கட்டி வந்தால் நாங்கள் ஊசி குத்த மாட்டோம், பொதுவாக விரையையே எடுத்துத்தான் சோதிப்போம். எங்கே குத்தக் கூடாது என்று எங்களுக்கும் தெரியும்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் அம்மா இறங்கி வந்தார். "அப்ப நேரா கட்டியையே எடுத்துடலாமே?" என்று கேட்டார். என்ன கட்டி என்று தெரியாமல் எவ்வளவு வெட்டுவது, அக்குளில் நெறிக்கட்டைப் பார்க்க வேண்டுமா, முதலில் மருந்தா அறுவையா என்று எதையும் தீர்மானிக்க முடியாது என்றார்.

புதிதாக ஸ்கேன் எடுத்தோம். 1.9 சென்டிமீட்டர். ஒரு ஊசியும் படாத பத்து வாரத்தில்.

இனி எங்கள் அலைச்சல். முதல் நாள் போனோம், அம்மாவைப் படுக்க வைத்து, மருந்து தடவித் துடைத்தும் ஆயிற்று. அப்போதுதான் ஊசி போடும் டாக்டர் கேட்டார்: "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது, க்ளோபிடோக்ரெல் தினமும் உண்டு. எழுந்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். தேதி கொடுத்தபோது கவுண்டரில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. நீங்கள் போனால், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது ஆபத்து. இதய டாக்டரிடம் எத்தனை நாள் நிறுத்தலாம் என்று எழுதி வாங்கிய பிறகுதான் எங்களுக்கு அடுத்த தேதி கிடைத்தது.

இரண்டாம் முறை எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்தது. மரத்துப்போகப் போடும் ஊசிதான் சுருக்கென்றதாம். பிறகு துணுக்கு எடுக்கும்போது ஊசியில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஐந்து முறை டக். மறுநாள் கொஞ்சம் கன்றிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

எடுத்த துணுக்குகளை ஃபார்மலின் திரவத்தில் போட்டு, அந்த டப்பாவை என் கையில் கொடுத்து லேபில் சேர்க்கச் சொன்னார்கள். லேப் கவுண்டரில் இருந்தவர் பார்த்துவிட்டு நகர்த்தி வைத்தார். டப்பாவில் 'வலது', படிவத்தில் 'இடது'. அவர் தடுத்தது நூற்றுக்கு நூறு சரி, அந்தத் தவறு அப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. ஆனால், "நாளைக்குத் திருத்திக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் நகரவில்லை. ஸ்கேன் அறைக்கு ஓடி, அடுத்த நோயாளிக்கு முன் டாக்டரை மறித்து, படிவத்தில் 'இடது' என்பதை அடித்துத் திருத்த வைத்து, பக்கத்தில் கையெழுத்தும் வாங்கி, நாற்பது நிமிடத்தில் டப்பாவை உள்ளே சேர்த்தேன். டப்பா உங்கள் கைக்கு வந்தால் பெயர், வயது, பக்கம் மூன்றையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.

ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய்தான். அம்மா அழவில்லை, "சரி, அடுத்து என்ன?" என்றார். அடுத்து, எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிச் சோதனை. அது தானாக நடக்கும் என்று ஒரு வாரம் காத்திருந்தோம். தனியாகப் பணம் கட்டினால்தான் ஆரம்பிப்பார்களாம், போய்க் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். முதல் ரிப்போர்ட்டை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். அம்மாவுக்கு ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ், மாத்திரை கேட்கும் வகை.

இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க துணுக்கைச் சீவி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடும், துணுக்கைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் வேண்டும் என்றபோது, "ரிப்போர்ட் போதும்" என்றார்கள். போதாது. எழுதிக் கொடுத்து இரண்டையும் வாங்கினேன். வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் வைக்காதீர்கள், மெழுகு. எங்களுடையது இப்போது பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை.