முப்பது செர்வ்

ஜூன் 8
வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டு நான்காம் நாள். உள்ளே அரிக்கிறது. ஸ்வெட்டர் ஊசியை விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி எந்த அலமாரியில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 10
கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் தினம் முப்பது டென்னிஸ் செர்வ். அதே கேம்: 4-5, 30-40, இரண்டாவது செர்வ். இதுவும் தப்பினால் செட்டே போச்சு. பந்து நெட்டில். நடுவில் மூன்றடி உயரம்தான். நானே கட்டிய நெட், நானே போடும் பந்து, இதில்கூடவா?

ஜூன் 11
முப்பதில் இருபத்திரண்டு நெட்.

ஜூன் 15
2014இல் ஒஹையோ பல்கலைக்கழகத்தில், நன்றாக இருந்தவர்களின் மணிக்கட்டையே நான்கு வாரம் கட்டிவைத்துப் பார்த்திருக்கிறார்கள். கையை இறுக்குவதாக வாரம் ஐந்து நாள் மனதுக்குள் நினைத்தவர்களுக்குப் பலம் சுமார் 24 சதவீதம் குறைந்தது. சும்மா இருந்தவர்களுக்கு 45. படித்ததும் சந்தோஷம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அது போய்விட்டது. நினைப்பது கையில் ஒட்டும் என்றால், தினம் இருபது தடவை நெட்டில் அடிப்பதும் ஒட்டுமே? ஐந்து நாளாக டபுள் ஃபால்ட்டைத்தான், இரண்டு செர்வையும் தப்பவிடுவதைத்தான், பழகிக்கொண்டிருக்கிறேனா?

"தூங்குறீங்களா, தியானமா?" என்றாள் மனைவி. செர்வ் என்றேன். லைட்டை அணைத்துவிட்டாள்.

ஜூன் 16
ஒன்று பிடிபட்டது. நான் என்னைப் பெஞ்சிலிருந்து பார்க்கிறேன்! தொப்பை, நனைந்த பனியன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் எல்லாம் தெரிகிறது. பந்து மட்டும் தெரியவில்லை. என் கண் வழியாகப் பார்க்க வேண்டும். ஸ்லோ மோஷனும் கூடாது, நிஜ வேகம்.

ஜூன் 17
அரிப்பு.

ஜூன் 21
செர்வுக்குப் பந்தைத் தூக்கிப்போடும் டாஸ் இடது கைதானே, அது சும்மாதான் இருக்கிறது. மொட்டை மாடியில் இடது காலுக்கு முன்னால் துண்டு விரித்து, பந்தைத் தூக்கிப்போட்டு விழவிட்டேன். இருபதில் பதினாறு துண்டில். அப்புறம் "30-40" என்று வாய்விட்டுச் சொல்லிப் போட்டேன். இருபதில் ஐந்து. பந்து ஒரு சாண் தாழ்ந்து, தலைக்குப் பின்னால் போகிறது. மணிக்கட்டு மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22
எதிர்வீட்டு மாமி, யாரிடம் ஸ்கோர் சொல்கிறேன் என்று கேட்டார்.

ஜூலை 3
துண்டில் பன்னிரண்டு. ஸ்கோர் சொல்லித்தான். மனதில் இன்னும் பாதி நெட்.

ஜூலை 16
நாளை கட்டுப் பிரிக்கிறார்கள். இன்று முப்பதும் போடவில்லை. பதினொன்றாவது, பந்தின் தையல்கூடத் தெரிந்தது, நடுக்கோடு சேரும் 'டி' பக்கம் விழுந்து எகிறியது. அதற்குமேல் போடப் பயமாக இருந்தது.