படகுக் கணக்கு மென்பொருளுக்கு எந்த வடிவில் கையேடு?

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பகுதிகளில் விசைப்படகு உரிமையாளர்களும் மீன் வாங்கும் கம்பெனிக்காரர்களும் பயன்படுத்தும் சிறிய கணக்கு மென்பொருள் ஒன்றுக்குப் பயனர் கையேடு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. டீசல், ஐஸ், ஏலத்தொகை, ஆட்களின் பங்கு ஆகியவற்றைப் பதிவதே அதன் வேலை. கையேட்டை எழுதுவதைக் காட்டிலும், அதை இணையத்தில் வைப்பதா, மென்பொருளோடு சேர்த்துக் கணினியிலேயே நிறுவுவதா என்று முடிவெடுப்பதற்கே அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது.

மென்பொருளை எழுதியவர்கள் இணையப் பக்கத்தையே விரும்பினார்கள். ஒரு பிழையைத் திருத்தினால் அன்றே எல்லோருக்கும் போய்ச் சேரும், எந்தப் பக்கம் அதிகம் படிக்கப்படுகிறது என்பதும் தெரியும் என்ற அவர்களது வாதம் நியாயமானதே. சிக்னல் கிடைக்காது என்று பதில் சொல்வது எளிது. ஆனால் கணக்கர்கள் வேலை செய்யும் ஊர்ப்பகுதிகளில் கைபேசி இணையம் போதுமான அளவு கிடைக்கிறது. தனுஷ்கோடிப் பக்கம் போனால்தான் கைபேசி இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு வம்பு செய்யும், அங்கே உட்கார்ந்து யாரும் பேரேடு எழுதுவதில்லை.

உண்மையான சிக்கல் பதிப்பு எண்ணில் இருந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றி மராமத்துப் பார்க்கும் அந்த நாட்களில்தான் மென்பொருளையும் புதுப்பிக்க அனுமதிக்கிறார்கள். மற்ற மாதங்களில், ஓடிக்கொண்டிருக்கும் கணக்கில் கைவைக்க எந்த உரிமையாளரும் சம்மதிப்பதில்லை. இதனால் இணையத்தில் இருக்கும் கையேடு புதிய திரையை விளக்க, கணக்கர் முன்னால் பழைய திரை இருக்கும். பைத்தான் மொழியின் ஆவணத் தளத்தில் இருப்பதைப் போல ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பக்கங்கள் வைக்கலாம்தான். ஆனால் தம்மிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரிந்து தேர்ந்தெடுக்கும் பழக்கம் நிரலாளர்களுக்கு உண்டே தவிர, எங்கள் பயனர்களுக்கு இல்லை. மென்பொருளோடு சேர்ந்தே நிறுவப்படும் கையேட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது என்பதால், அதையே முதன்மை வடிவமாகக் கொள்வதென முடிவு செய்தோம்.

அடுத்து, எந்தக் கோப்பு வடிவம் என்ற கேள்வி எழுந்தது. விண்டோஸின் பழைய சிஎச்எம் உதவிக் கோப்பைச் சீக்கிரமே ஒதுக்கிவிட்டோம். இணையத்திலிருந்து இறக்கிய அத்தகைய கோப்பை விண்டோஸ் தடுத்துவிட்டால், தடையை நீக்கும்வரை பக்கங்கள் வெறுமையாகவே தெரியும். பிடிஎஃப் பார்வைக்கு அழகாக இருந்தது, ஆனால் தேடல் கைகொடுக்கவில்லை. நாங்கள் உருவாக்கிய கோப்பில் ‘ஏலம்’ என்று தேடினால் கிடைத்தது, ‘டோக்கன்’ என்று தேடினால் கிடைக்கவில்லை. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு போன்ற குறிகள் எழுத்துக்கு முன்னால் அச்சாகும் வரிசையிலேயே கோப்புக்குள்ளும் பதிவாகியிருந்ததே காரணம்.

எனவே மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுதி, எம்கேடாக்ஸ் என்ற கருவியைக் கொண்டு, உலாவியில் திறக்கும் எச்டிஎம்எல் கோப்புகளாக மாற்றினோம். இயல்பு அமைப்பில் இந்தக் கருவி ஒவ்வொரு பக்கத்தையும் தனிக் கோப்புறைக்குள் வைக்கிறது; வழங்கி (சர்வர்) இல்லாமல் வன்தட்டிலிருந்து திறந்தால், இணைப்பைச் சொடுக்கும்போது பக்கத்துக்குப் பதிலாகக் கோப்புகளின் பட்டியலே வரும். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் இது சரியாகிவிடுகிறது. தேடல் பெட்டி அப்படி அடங்கவில்லை. தேடல் அட்டவணையை உள்ளூர்க் கோப்பிலிருந்து படிக்க உலாவி மறுத்தது. அதனால் தேடலைக் கைவிட்டு, அகர வரிசையில் ஒரு பொருளடைவைக் கையால் தயாரித்தேன். ஒவ்வொரு திரையிலும் உள்ள உதவிப் பொத்தான் அந்தத் திரைக்குரிய பக்கத்தையே நேரடியாகத் திறக்கும்படியும் செய்தார்கள். சொல்லப்போனால், இந்தப் பொத்தான் வந்தபின் தேடலை யாரும் கேட்கவில்லை.

பிடிஎஃப்பை முழுவதுமாகக் கைவிட்டுவிடவில்லை. அன்றாடப் பதிவுக்கான சில பக்கங்களை மட்டும் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையிட்டுக் கொடுத்தோம். ஈரக் கையோடு வருகிறவர்களுக்கு அதுதான் வசதி. நிறுவப்படும் கையேடும் இந்த அச்சுப் பக்கங்களும் ஒரே மூலத்திலிருந்து உருவாகின்றன, பக்கத்தின் அடியில் பதிப்பு எண் இருக்கும். இணையத் தளத்தில் நிறுவல் கோப்பும், அறியப்பட்ட பிழைகளின் பட்டியலும், மாற்றங்களின் குறிப்பும் மட்டுமே உள்ளன.

நிறுவிய கையேட்டில் பிழை இருந்தால் அடுத்த புதுப்பிப்புவரை அது அப்படியே கிடக்கும் என்பது இந்த ஏற்பாட்டின் குறை. பங்குக் கணக்கைப் பாதிக்கக்கூடிய பிழையாக இருந்தால், திருத்திய பக்கத்தை மட்டும் படமாக்கிக் கணக்கர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். மற்றவை தடைக்காலம்வரை காத்திருக்கின்றன.