போக்கர் கைகளின் வரிசையை எண்ணிப் பார்த்தேன்

போக்கரில் எந்தக் கை, அதாவது எந்த ஐந்து சீட்டுச் சேர்க்கை, எதை வெல்லும் என்ற பட்டியலை மனப்பாடம் செய்வது எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. உச்சியில் ராயல் ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் பத்து முதல் ஏஸ் வரை), அடியில் எதுவும் சேராத வெறும் பெரிய சீட்டு, அதெல்லாம் சரி. நடுவில் ஸ்ட்ரெயிட், ஃபிளஷ், ஃபுல் ஹவுஸ் மூன்றும்தான் இடம் மாறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் எத்தனை விதமாக வரும் என்று தாளில் எண்ணிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

52 சீட்டிலிருந்து ஐந்தை 25,98,960 விதமாக எடுக்கலாம். ஃபிளஷ் என்றால் ஐந்தும் ஒரே சின்னம். ஒரு சின்னத்தின் 13 சீட்டில் ஐந்தை எடுக்க 1,287 வழி. நான்கு சின்னத்துக்கும் சேர்த்து 5,148. இதில் 40 கைகள் மதிப்பில் தொடராகவும் (தொடர் என்றால் ஸ்ட்ரெயிட்) அமைந்துவிடும். அவை ஸ்ட்ரெயிட் ஃபிளஷ் கணக்கு என்பதால் மீதி 5,108. ஸ்ட்ரெயிட்டுக்குப் பத்துத் தொடர்கள்தான் உண்டு, ஆனால் ஒவ்வொரு சீட்டும் எந்தச் சின்னமாகவும் இருக்கலாம். அதே 40ஐக் கழித்தால் 10,200, ஃபிளஷைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஃபுல் ஹவுஸ், அதாவது ஒரே மதிப்பில் மூன்றும் இன்னொரு மதிப்பில் இரண்டும், 3,744தான். அரிதானது மேலே, அவ்வளவே. அப்புறம் பட்டியலைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஹோல்டெம் என்ற போக்கர் வகைக்கு வந்ததும் இந்த விதி அடியில் ஆட்டம் கண்டது. அங்கே ஏழு சீட்டிலிருந்து சிறந்த ஐந்தை எடுக்கிறோம். ஜோடியே இல்லாத கை சுமார் 17 சதவீதம், ஒரு ஜோடி 44 சதவீதம். அரிதானது ஜோடி இல்லாத கைதான், ஆனாலும் ஜோடியிடம் தோற்கிறது! வரிசையைத் திருப்பிப் போட்டால் என்ன? ஏழு சீட்டில் ஒரு ஜோடி இருப்பவரிடம் ஆறு வேறு வேறு மதிப்புகள் இருக்கும். ஜோடியில் ஒன்றை ஒதுக்கிவிட்டு, ஜோடி இல்லாத ஐந்தை அவரே காட்டிவிடுவார். உடனே அது மலிந்துபோகும். இந்த முடிச்சு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

இரண்டு முதல் ஐந்து வரையுள்ள சீட்டுகளை நீக்கிவிட்டு 36 சீட்டில் ஆடும் ஷார்ட் டெக்கையும் எண்ணினேன். ஐந்து சீட்டுக் கணக்கில் ஃபிளஷ் 480, ஃபுல் ஹவுஸ் 1,728. அந்த ஆட்டத்தில் ஃபிளஷ் ஃபுல் ஹவுஸை வெல்வது அதனால்தான். அதே கணக்கில் ஸ்ட்ரெயிட் 6,120, மூன்று ஒரே மதிப்பு 16,128. ஆனாலும் சில இடங்களில் மூன்று ஒரே மதிப்பை ஸ்ட்ரெயிட்டுக்கு மேலே வைத்து ஆடுகிறார்கள். அடுத்து அதை ஏழு சீட்டுக்கு எண்ண வேண்டும். அதற்குத் தாள் போதாது, நிரல்தான் எழுத வேண்டும்.